பூட்டுபவர் கையிலேயே சாவியும் இருக்கலாமா? ரௌலட் முதல் உபா வரை... ஒரு நூற்றாண்டுக் கேள்வி!

‘பிரபல ரௌடி மீது குண்டாஸ் பாய்ந்தது!’

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அடிக்கடி டைப் செய்யும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. ஆளும் ஊரும் மாறும்; ‘பாய்ந்தது’ மட்டும் மாறாது. செய்தி வெளியான சில நிமிடங்களில் கமென்ட்கள் குவியும். ‘இவனுக்கெல்லாம் இதுதான் சரி’ என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம்.

சில மாதங்கள் கழித்து இன்னொரு செய்தி வரும். அதே நபரின் குண்டாஸ் உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கும். அதற்கு அலர்ட் போகாது. உள்பக்கத்தில் நான்கு வரிதான். அப்படி நான்கு வரி எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

ஒருநாள் அந்த நான்கு வரியை எழுதி முடித்தபோது ஒரு கேள்வி மனதில் தங்கிவிட்டது. உத்தரவே செல்லாது என்றால், அந்த மனிதர் உள்ளே இருந்த மாதங்கள் யார் கணக்கில் சேரும்?

அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால், அது மிசா, தடா, பொடா, உபா என்று நீண்டு, நாட்டின் பாதுகாப்புக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் நடுவே கோடு போடுவது யார் என்ற இடத்தில் போய் நிற்கிறது. அந்தக் கதையில் பல திருப்பங்கள் நம் சென்னையில் நடந்தவை.

கைது வேறு... தடுப்புக்காவல் வேறு!

முதலில் அடிப்படை. ஒருவர் திருடியதாகப் புகார் வருகிறது. போலீஸ் கைது செய்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஜாமீன் கேட்கலாம். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. இது வழக்கமான கைது.

தடுப்புக்காவல் அப்படியல்ல. ‘இவர் செய்த குற்றத்துக்காக அல்ல, இனி செய்துவிடக் கூடாது என்பதற்காக’ அடைத்து வைப்பது அது. குற்றத்துக்கான தண்டனை இல்லை என்பதால், வழக்கு விசாரணையும் இல்லை. சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் இல்லை. மாவட்ட ஆட்சியரோ, மாநகர போலீஸ் கமிஷனரோ, ‘இவர் வெளியே இருப்பது ஆபத்து’ என்று திருப்தி அடைந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

இதற்கு அனுமதி தருவது வேறெதுவும் அல்ல, நம் அரசமைப்புச் சட்டம்தான். அதுவும் அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயத்திலேயே! 22-வது பிரிவின் முதல் பாதி, கைதானவருக்கு 24 மணி நேரம், வக்கீல் என்று உரிமைகளைத் தருகிறது. அடுத்த பாதி, ‘தடுப்புக்காவலில் இருப்பவருக்கு இவை பொருந்தாது’ என்கிறது.

நமக்கு அதிகம் பழக்கமானது தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு 14-வது சட்டம். அதுதான் ‘குண்டாஸ்’. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்கள், போதைப்பொருள் விற்பவர்கள், குண்டர்கள் என்று ஆரம்பித்த பட்டியலில், பிறகு திருட்டு வீடியோ, மணல் கொள்ளை, பாலியல் குற்றம், சைபர் குற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மத்தியச் சட்டமான 1980-ம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் ஏறத்தாழ இதே அச்சில் வார்த்ததுதான். இரண்டிலும் அதிகபட்சம் 12 மாதங்கள் உள்ளே வைக்கலாம்.

யார் கேட்பது?

ஒரு கையெழுத்தில் ஓர் ஆண்டு என்றால், அதைத் தட்டிக்கேட்க யாருமே இல்லையா? இருக்கிறார்கள். குண்டாஸ் சட்டம் போட்டுவைத்திருக்கும் வரிசை இதுதான்:

* உத்தரவு போட்ட அதிகாரி, அதற்கான காரணங்களை 5 நாள்களுக்குள் கைதானவருக்குத் தர வேண்டும்.

* 12 நாள்களுக்குள் மாநில அரசு அந்த உத்தரவை ஏற்க வேண்டும். இல்லையென்றால் அது காலாவதியாகிவிடும்.

* 3 வாரங்களுக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் விஷயத்தை வைக்க வேண்டும்.

* காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரங்களுக்குள் அறிவுரைக் கழகம் தன் முடிவைச் சொல்ல வேண்டும். ‘போதுமான காரணம் இல்லை’ என்று அது சொன்னால், அரசு விடுவித்தே ஆக வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் நான்கு பூட்டு, நான்கு சாவி. ஆனால், கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உத்தரவு போடுபவர் அரசு அதிகாரி. அதை ஏற்பது அரசு. சரிபார்க்கும் அறிவுரைக் கழகத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அரசு! அவர்கள் உயர் நீதிமன்ற நீதிபதிகளாகவோ, ஓய்வுபெற்ற நீதிபதிகளாகவோ, நீதிபதியாகும் தகுதி உள்ளவர்களாகவோ இருந்தால் போதும். அந்தக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் கைதானவருக்குக் கிடையாது.

பூட்டுவதும் ஒரே வீட்டார். சாவியைப் பத்திரமாக வைத்திருப்பதும் அதே வீட்டார். வெளியிலிருந்து வரும் ஒரே ஆள் உயர் நீதிமன்றம்தான். ஆட்கொணர்வு மனு போட்டு அங்கே போகலாம். ஆனால், மனு விசாரணைக்கு வந்து முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். உத்தரவு ரத்தாகும்போது, 12 மாதத்தில் பெரும்பகுதியை அவர் உள்ளேயே கழித்திருப்பார்.

மெரினாவில் மெழுகுவத்தி

2017 மே மாதம். ஈழத்தில் இறுதிப்போரில் கொல்லப்பட்டவர்களுக்காக மெரினாவில் நினைவேந்தல் நடத்த முயன்ற மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டார்கள். தொடர்ந்து அவர்மீது குண்டாஸ். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இடையில் போனவை நான்கு மாதங்கள்.

அவருடைய அரசியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். கேள்வி அதுவல்ல. கள்ளச்சாராயக்காரர்களையும் குண்டர்களையும் மனதில் வைத்து எழுதிய சட்டம், நினைவேந்தல் நடத்த வந்தவர் வரை எப்படி நீண்டது?

இதற்கு உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறது. பீகாரில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவைத் தடுப்புக்காவலில் வைத்த வழக்கு அது. நீதிபதி ஹிதாயத்துல்லா ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யச் சொன்னார். பெரிய வட்டம் ‘சட்டம் ஒழுங்கு’. அதற்குள் ‘பொது அமைதி’. அதற்கும் உள்ளே, மிகச் சிறிய வட்டமாக, ‘நாட்டின் பாதுகாப்பு’.

டீக்கடையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால், அது சட்டம் ஒழுங்குப் பிரச்னை. அந்தச் சண்டையால் ஊரே இரண்டாகப் பிரிந்து கடையடைத்தால், பொது அமைதி கெடுகிறது. நாட்டையே ஆட்டிப் பார்க்கும் செயல் மட்டுமே மூன்றாவது வட்டம். பெரிய வட்டத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சின்ன வட்டத்துக்கான ஆயுதத்தை எடுக்கக் கூடாது என்பதுதான் சாரம்.

2011-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. காலாவதியான மருந்துகளுக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாக ஒருவர்மீது குண்டாஸ். குற்றச்சாட்டு சாதாரணமானதல்ல. ஆனாலும், வழக்கமான சட்டத்தாலேயே ஒருவரைச் சமாளிக்க முடியும் என்றால், தடுப்புக்காவல் சட்டத்தை எடுப்பது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம்.

ராஜாஜி வீட்டில் பிறந்த ஹர்த்தால்

இந்தச் சட்டங்களின் வேர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கிறது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. முறையான விசாரணை இல்லாமலேயே ஆட்களை அடைத்து வைக்க அரசுக்கு அதிகாரம் தந்த சட்டம். அந்த நேரத்தில் காந்தி இருந்த இடம் சென்னை. சேலத்திலிருந்து அப்போதுதான் சென்னைக்குக் குடிவந்திருந்த ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். நாடு முழுக்க ஒருநாள் வேலையை நிறுத்தி நோன்பிருக்கலாம் என்ற யோசனை ஒரு விடியற்காலை அரைத்தூக்கத்தில் தனக்குத் தோன்றியதாகவும், அதை முதலில் ராஜாஜியிடம் சொன்னதாகவும் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாடு தழுவிய முதல் ஹர்த்தால் அப்படித்தான் பிறந்தது. அடுத்த மாதம் ஜாலியன்வாலா பாக் படுகொலை.

இப்போது 1951-க்கு வாருங்கள். சுதந்திர இந்தியாவின் தடுப்புக்காவல் சட்டம் முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அதை நீட்டிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் யார் தெரியுமா? அதே ராஜாஜி!

இதை முரண் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், பிரிவினைக் கலவரம், அகதிகள், தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் என்று தேசம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்துகள் பெரிதாகத்தான் தெரியும். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான், சரிபார்ப்பவர் அந்த நாற்காலிக்கு வெளியே இருக்க வேண்டும்.

‘காரணத்தைக் கோர்ட்டிலும் சொல்லாதே!’

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கே மாதத்தில், இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன், 1947 டிசம்பரிலிருந்து அப்போதைய மதராஸ் மாகாணச் சிறையில் இருந்தவர். புதிய தடுப்புக்காவல் சட்டத்தில் மீண்டும் அவர்மீது உத்தரவு. ‘கோபாலன் எதிர் மதராஸ் மாகாணம்’ என்ற அந்த வழக்கு, இன்றும் சட்டக் கல்லூரிகளில் முதல் பாடம்.

அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு விசித்திரமானது. தன்னை ஏன் அடைத்தார்கள் என்ற காரணத்தைக் கைதானவர் நீதிமன்றத்தில்கூடச் சொல்லக் கூடாது என்றது. 1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பிரிவை மட்டும் நீக்கியது. மற்றபடி சட்டம் செல்லும் என்றது பெரும்பான்மை. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்ற அர்த்தத்தில் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார்.

சென்னை மத்தியச் சிறை, 1976

அந்தத் தீர்ப்பின் விலை என்ன என்பது கால் நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. 1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்சி. 1971-ல் வந்த மிசா சட்டம் கையில் தயாராக இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள், பத்திரிகையாளர்கள், மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போனார்கள்.

1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க ஆட்சி கலைக்கப்பட்டது. தொடர்ந்து மிசா கைதுகள். சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் மீது தாக்குதல் நடந்தது. அவர்களில் மு.க.ஸ்டாலினும் ஒருவர். அவர்மீது விழுந்த அடிகளைத் தாங்கியவராக நினைவுகூரப்படும் முன்னாள் மேயர் சிட்டிபாபு, 1977-ல் இறந்துபோனார். அந்தச் சிறைக் கொடுமைகளைப் பிற்பாடு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்துப் பதிவு செய்தது.

உள்ளே அடி விழுந்துகொண்டிருந்த அதே ஆண்டில், வெளியே டெல்லியில் ஒரு வழக்கு. எமர்ஜென்சியில் ஆட்கொணர்வு மனு போட முடியுமா? ‘முடியும்’ என்று நாட்டின் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றாலும் கேட்க வழியில்லையா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். எமர்ஜென்சி நீடிக்கும்வரை வழியில்லை என்பதுதான் அட்டர்னி ஜெனரலின் பதில்.

1976 ஏப்ரல் 28. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி சீனியாரிட்டிப்படி அவருக்கு வந்திருக்க வேண்டும். அவருக்கு ஜூனியரான பெய்க்குப் போனது. கன்னா ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பினார்.

அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தவறு என்று சொல்ல 41 ஆண்டுகள் ஆயின. 2017-ல், அந்தரங்க உரிமை வழக்கில் அதைச் சொல்லி எழுதியவர் நீதிபதி டி.ஒய்.சந்திரசூட். 1976-ல் அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்!

பாஸான திருத்தம்... வராத தேதி!

எமர்ஜென்சி முடிந்து வந்த ஜனதா ஆட்சி, 1978-ல் 44-வது அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. இனி எமர்ஜென்சியே வந்தாலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்றது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று காரணம் காட்டி எமர்ஜென்சி கொண்டுவர முடியாது. ‘ஆயுதக் கிளர்ச்சி’ இருக்க வேண்டும் என்றது. பலருக்கும் தெரிந்த பகுதி இது.

தெரியாத பகுதி ஒன்று உண்டு. அதே திருத்தத்தின் 3-வது பிரிவு, தடுப்புக்காவலையும் தொட்டது. அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை 3 மாதம்வரை வைத்திருக்கலாம் என்பதை 2 மாதமாகக் குறைத்தது. அதைவிட முக்கியமாக, அறிவுரைக் கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும், பதவியில் இருக்கும் நீதிபதியே அதற்குத் தலைவராக இருக்க வேண்டும் என்றது. அதாவது, சாவியை அரசின் கையிலிருந்து எடுத்து நீதித்துறையின் கையில் கொடுத்தது.

நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. ‘இந்தத் தேதியிலிருந்து இது அமலுக்கு வருகிறது’ என்று மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும்.

அந்த அறிவிப்பு இன்றுவரை வரவில்லை!

1978-க்குப் பிறகு ஜனதா, காங்கிரஸ், தேசிய முன்னணி, ஐக்கிய முன்னணி, பா.ஜ.க என்று ஆட்சிகள் மாறிவிட்டன. எமர்ஜென்சியில் சிறை சென்றவர்களே பிரதமர்களாகவும் அமைச்சர்களாகவும் ஆனார்கள். ஒருவரும் அந்தத் தேதியைக் குறிக்கவில்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்து ஏ.கே.ராய் என்ற எம்.பி தொடுத்த வழக்கில், இந்த விஷயமும் உச்ச நீதிமன்றம் போனது. அமல்படுத்தும்படி அரசுக்கு உத்தரவிட முடியாது என்று 1981 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு கைவிரித்தது. நாடாளுமன்றம் போட்ட ஒரு திருத்தம், நிர்வாகத்தின் ஒரு கையெழுத்துக்காக அன்றிலிருந்து காத்திருக்கிறது.

ஆதரித்து ஓட்டுப் போட்டவரே உள்ளே!

தடுப்புக்காவல் ஒரு பாதை என்றால், பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் இன்னொரு பாதை. இதில் வழக்கு உண்டு, விசாரணை உண்டு. ஆனால், விதிகள் வேறு.

1985-ல் தடா வந்தது. அதன்படி, எஸ்.பி அந்தஸ்துள்ள போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். சாதாரண வழக்கில் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது பிரிட்டிஷ் காலத்து விதி. அதைத் தடா மாற்றியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம், இது தடா குற்றமே அல்ல என்றது. 19 பேரை விடுவித்தது. ஆனால், தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. எஞ்சிய ஏழு பேரின் தண்டனைக்கு அவையே பெரிய ஆதாரம். பல ஆண்டுகள் கழித்து, பேரறிவாளன் சொன்னதைத் தான் முழுமையாகப் பதிவு செய்யவில்லை என்று வாக்குமூலம் வாங்கிய அதிகாரியே சொன்னார். 19 வயதில் கைதான பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானபோது, 30 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன.

அடுத்தது பொடா. 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் கூட்டுக்கூட்டத்தில் 425 ஓட்டுகள் ஆதரவு, 296 எதிர்ப்பு என்று நிறைவேறியது. ஆதரித்த கூட்டணியில் ம.தி.மு.க-வும் இருந்தது. ஜூன் மாதம் திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று வைகோ மீது வழக்கு. ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய அவரைச் சென்னை விமான நிலையத்திலேயே பொடாவில் கைது செய்தது தமிழ்நாடு போலீஸ். அதன் பிறகு வேலூர் சிறையில் ஏறத்தாழ 19 மாதங்கள்.

இடையில், 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்று சொன்னது. கூடவே ஒரு விளக்கமும் கொடுத்தது: பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாமல், வெறும் வார்த்தையில் ஆதரவு தெரிவிப்பது மட்டும் குற்றமாகாது. 2004 பிப்ரவரியில் வைகோ ஜாமீனில் வெளியே வந்தார்.

ஒரு சட்டத்தை ஆதரிக்கும்போது, நமக்குப் பிடித்தவர்கள் அதைக் கையில் வைத்திருப்பதாகவே கற்பனை செய்கிறோம். நமக்குப் பிடிக்காதவர் கைக்கு அது போனால் என்ன ஆகும் என்பதற்கு, வைகோவின் அந்த 19 மாதங்களைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

உபாவில் ஜாமீன் ஏன் கஷ்டம்?

தடாவுக்கும் பொடாவுக்கும் ஒரு நல்ல குணம் இருந்தது. இரண்டுக்குமே காலாவதித் தேதி உண்டு. நீட்டிக்க வேண்டும் என்றால் நாடாளுமன்றத்துக்குத் திரும்ப வர வேண்டும். அங்கே கேள்விகள் எழும். 1995-ல் தடா அப்படித்தான் காலாவதியானது. 2004-ல் பொடா ரத்தானது.

ஆனால், பொடா போன அதே 2004-ல், அதன் பல பிரிவுகள் 1967-ம் ஆண்டின் ‘சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்’ என்ற பழைய வீட்டுக்குள் குடிவந்தன. அதுதான் இன்றைய உபா. அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, ஜாமீன் விதி இறுகியது. போலீஸ் காட்டும் ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தால், ஜாமீன் தரக் கூடாது. ஜாமீன் கட்டத்தில் அந்த ஆதாரங்களை ஆழமாகச் சோதிக்கக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள்கள்வரை அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு விசாரணை தொடங்க ஆண்டுகள் ஆகலாம்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளிடையே பல பத்தாண்டுகள் வேலை செய்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் உபாவின் கீழ் கைது செய்தார்கள். வயது 83. பார்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஒரு ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல 20 நாள்கள் அவகாசம் கேட்டது என்.ஐ.ஏ. பிறகு, நாங்கள் அவற்றைப் பறிமுதல் செய்யவில்லை என்று பதில் சொன்னது.

2021 ஜூலை 5. மருத்துவக் காரணத்துக்கான அவரது ஜாமீன் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்ற தகவல் நீதிபதிகளிடம் சொல்லப்பட்டது. அவர் மறுத்துவந்த குற்றச்சாட்டுகள் உண்மையா, பொய்யா? எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லவில்லை. விசாரணை தொடங்கவே இல்லை.

அப்படியென்றால் நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

நிச்சயம் வேண்டும். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரைப் பார்த்த மாநிலம் இது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவைத் தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களை இழந்த மாநிலம். குண்டு வெடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு சாட்சி தேடுவது பாதுகாப்பாகாது. உளவுத் தகவல்கள் எல்லாவற்றையும் திறந்த நீதிமன்றத்தில் வைக்கவும் முடியாது. ரௌடிக்குப் பயந்து சாட்சி சொல்ல ஆள் வராத தெருக்கள் இன்றும் இருக்கின்றன. இவை சாக்கு அல்ல, நிஜம்.

ஆகவே, கடுமையான சட்டம் தேவையா என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டால், பாதிதான் பேசியிருக்கிறோம். அதைச் சரிபார்ப்பது யார், எத்தனை நாளில் என்பதுதான் மீதிப் பாதி. போலீஸ் சந்தேகப்பட்டதில் தவறில்லை. அந்தச் சந்தேகத்தைப் போலீஸுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சீக்கிரமாகப் பரிசோதித்தால், குற்றவாளி உள்ளேயே இருப்பார்; அப்பாவி மாதக்கணக்கில் வாட மாட்டார். பாதுகாப்புக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை.

நீதிமன்றங்கள் அவ்வப்போது அந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், சட்டத்தில் ஒரு நடைமுறை எழுதியிருந்தால் மட்டும் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லி, கோபாலன் தீர்ப்பின் அடித்தளத்தையே மாற்றியது உச்ச நீதிமன்றம். 2021-ல், கேரளாவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்தவரின் வழக்கில், விசாரணை சீக்கிரம் முடிய வாய்ப்பே இல்லை என்றால், உபாவாக இருந்தாலும் அரசமைப்பு நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்றது. 2024 மே மாதம், நியூஸ்கிளிக் நிறுவனர் பிரபீர் புர்கயஸ்தா வழக்கில், கைதுக்கான காரணங்களை எழுத்தில் தராத உபா கைதே செல்லாது என்றது.

மூன்றுமே நல்ல தீர்ப்புகள். மூன்றுமே, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனதால் வந்தவை. எல்லாராலும் போக முடியுமா?

தெரிந்துவைத்துக்கொள்ள...

தெரிந்தவர் யாராவது தடுப்புக்காவலில் வைக்கப்பட்டால், குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை:

* காவலுக்கான காரணங்களும், அவற்றுக்கு ஆதாரமான ஆவணங்களும் கைதானவருக்குப் புரியும் மொழியில் கிடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பு தராததால் ரத்தான உத்தரவுகள் உண்டு.

* உத்தரவை எதிர்த்து உடனே எழுத்தில் முறையீடு கொடுக்கலாம். உத்தரவிட்ட அதிகாரி, மாநில அரசு, அறிவுரைக் கழகம் மூவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். அனுப்பிய தேதிக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முறையீட்டைப் பரிசீலிக்க அரசு காரணமில்லாமல் தாமதித்தால், அதுவே உயர் நீதிமன்றத்தில் வலுவான வாதம்.

* அறிவுரைக் கழகத்தின் முன் நேரில் பேச வேண்டும் என்று கைதானவர் கேட்கலாம். வக்கீல் வர உரிமை இல்லையென்றாலும், வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரின் உதவியைக் கேட்கலாம்.

* உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய, அறிவுரைக் கழகத்தின் முடிவுவரை காத்திருக்கத் தேவையில்லை.

* வக்கீலுக்குப் பணம் இல்லையா? காவலில் இருப்பவர் எவருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய சட்ட உதவி எண்: 15100.

ஒரு தேதிதான் பாக்கி

இவ்வளவும் படித்த பிறகு, என் மனதில் நிற்பது அந்த 1978 திருத்தம்தான். புதிதாக மசோதா வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேட வேண்டாம். அறிவுரைக் கழகத்தை நியமிக்கும் அதிகாரத்தை அரசின் கையிலிருந்து நீதித்துறைக்கு மாற்ற, நாடாளுமன்றம் எப்போதோ சம்மதித்துவிட்டது. அரசிதழில் ஒரு தேதி அச்சாக வேண்டும். அவ்வளவுதான். அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி ஓட்டுக் கேட்டு வந்தால், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அந்தத் தேதியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

என் பங்குக்கு, நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். ‘குண்டாஸ் பாய்ந்தது’ என்று டைப் செய்யும் ஒவ்வொரு முறையும், அந்த வழக்கின் பெயரை என் நோட்டில் குறித்துவைக்கிறேன். உத்தரவு உறுதியானாலும் சரி, ரத்தானாலும் சரி, அதற்கும் ஒரு முழுச் செய்தி எழுத வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. இப்போதைக்கு நோட்டில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. அந்த ஏழு செய்திகளும் இன்னும் பாக்கி.